விரதமும் மாத்திரையும்

எச்.ஐ.வி. தொற்று உள்ளவர் குடிப்பவராகவும் இருந்தால், அவருக்கு முதலில் மாத்திரையைத் தருவதா, “குடியை விட்டுவிட்டு வா” என்று திருப்பி அனுப்புவதா? மருத்துவம் இதற்கு விடை சொல்லிவிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் எடுத்த முடிவின்படி, தொற்று உறுதியான ஒவ்வொருவருக்கும் காலம் தாழ்த்தாமல் சிகிச்சை தொடங்க வேண்டும். குடிப்பழக்கம் அதற்குத் தடையல்ல. ஆனால் மலாக்கா மாநிலத்தின் மெர்லிமாவ் போன்ற ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் கேள்வி கிளினிக்கோடு முடிந்துவிடுவதில்லை. வீட்டுக்கு வந்ததும் அதில் வினை, நேர்த்தி, சத்தியம், சுத்தம் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. குடியை விட முடியாதவனுக்கு மருந்து கொடுத்து என்ன பயன், முதலில் சாமி முன்னால் சத்தியம் செய்யட்டும் என்ற பேச்சு எழுகிறது. இந்தப் பேச்சின் அறநிலை சரிதானா என்று பார்ப்பதற்கு முன், குடி இந்த மண்ணில் எப்படி ஊன்றியது, மருந்தை எந்த வழியாகக் கெடுக்கிறது என்ற இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

மெர்லிமாவ் ஜாசின் மாவட்டத்தில், மலாக்கா நகரிலிருந்து மூவாருக்குப் போகும் கடலோரச் சாலையில் இருக்கிறது. மலாயாவில் வணிக முறையில் ரப்பர் முதலில் நடப்பட்டது இந்த மாநிலத்தில்தான். 1896இல் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் அதைத் தொடங்கினார். பால்மரம் வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் குடியிருப்பு வரிசைகளான லயங்களுக்கு அருகில், பல தோட்டங்களில், மாரியம்மன் கோயிலும் இருந்தது, கள்ளுக்கடையும் இருந்தது. கோயிலைத் தொழிலாளர்கள் கட்டினார்கள். கள்ளுக்கடையை அவர்கள் கட்டவில்லை. அரசின் உரிமத்தோடு தோட்ட நிர்வாகம் அதை நடத்தியது. கொடுத்த சம்பளத்தில் ஒரு பங்கு அந்தக் கடை வழியாகத் திரும்பிப் போனது. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று. 1947இல் கெடாவில் தோட்டத் தமிழர்களின் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். பீடோங் பகுதியின் ஹார்வர்ட் தோட்டத்தில் போலீஸ் அவர்கள்மீது பாய்ந்தது. தோட்டத்துத் தமிழன் குடிகாரன் என்று பேசுகிறவர்கள், குடிக்கு எதிராக அடிபட்டதும் அதே தோட்டத்துத் தமிழன்தான் என்பதைச் சொல்வது குறைவு.

பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, குடும்பங்கள் பட்டண ஓரங்களுக்கு இடம்பெயர்ந்தன. கள்ளின் இடத்தைச் சம்சு என்னும் சாராயம் பிடித்தது. விலை மலிவு, போதை கடுமை, புட்டி சட்டைப்பைக்குள் அடங்கும். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகள் இதற்கு எதிராக எழுதியும் பேசியும் வந்தது. 2017 டிசம்பர் 1 முதல் மது வாங்கும் வயது 18இலிருந்து 21க்கு உயர்த்தப்பட்டது. 2018 செப்டம்பரில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துச் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் பலர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். ஒருவர் குடிப்பது அவருடைய விருப்பம்தான் என்று சொல்லும்போது, அந்த விருப்பத்துக்கு அருகில் கடையைக் கொண்டுபோய் வைத்தவர் யார் என்ற கணக்கும் இதில் சேர வேண்டும்.

மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986இல் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில்தான் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். மலேசியாவில் தொற்று நீண்ட காலம் போதை ஊசி போட்டுக்கொள்பவர்களிடையே பரவியது. 2005இல் ஹெராயினுக்கு மாற்றாகத் தரப்படும் மெத்தடோன் சிகிச்சையும் அடுத்த ஆண்டு புதிய ஊசிகள் வழங்கும் திட்டமும் வந்தபின் அந்த வழி சுருங்கியது. இப்போது பெரும்பாலான புதிய தொற்றுகள் உடலுறவு வழியாகவே ஏற்படுகின்றன. அரசாங்க மருத்துவமனைகளிலும் குடும்ப மருத்துவ நிபுணர் உள்ள சுகாதாரக் கிளினிக்குகளிலும் முதல்வரிசை மருந்து மலேசியக் குடிமக்களுக்கு இலவசம். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று செல்வதைத் தடுத்துவிட்ட நாடு என்று 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றளித்தது. மருந்து இருக்கிறது, அதற்குப் பணமும் கேட்கப்படுவதில்லை. அப்படியிருந்தும் சிகிச்சை அறுந்துபோகும் இடங்களில் ஒன்று குடி.

எச்.ஐ.வி. மருந்து வைரஸைக் கொல்வதில்லை, பெருகவிடாமல் அடக்கி வைக்கிறது. தினமும் சாப்பிட்டால் இரத்தத்தில் வைரஸின் அளவு சோதனையில் தெரியாத அளவுக்கு இறங்கும். அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை என்பதை 2011க்குப் பின் வந்த பெரிய ஆய்வுகள் நிறுவிவிட்டன. மாத்திரை அடிக்கடி விட்டுப்போனால் வைரஸ் மீண்டும் எழும், மருந்துக்கு அடங்காத வகைகள் தோன்றவும் வழி கிடைக்கும். எனவே விட்டுப்போன ஒரு வேளை மாத்திரை, சாப்பிடாதவரின் உடம்போடு மட்டும் நின்றுவிடாது. மனைவிக்கும் துணைக்கும் அதில் பங்குண்டு.

குடி இந்த ஒழுங்கைப் பல இடங்களில் வெட்டுகிறது. பரிசோதனைக்குப் போவதையே அது தள்ளிப்போட வைக்கும். கிளினிக் தேதி மறந்துபோகும். மறக்காவிட்டாலும் வாய் நாற்றத்தோடு நர்ஸ் முன் போய் நிற்கக் கூச்சமாக இருக்கும். மாத்திரை சாப்பிடும் நேரமும் ஒரு சங்கடம். நீண்ட காலம் முதல்வரிசைக் கூட்டில் இருந்த எஃபாவிரென்ஸ் மாத்திரை தலைசுற்றலும் கெட்ட கனவும் தரும் என்பதால் படுக்கப்போகும் முன் அதைச் சாப்பிடச் சொல்வார்கள். வேலை முடிந்து குடிப்பவருக்கு அதுவே போதை ஏறியிருக்கும் நேரம். சிகிச்சையின் ஒழுங்கை வகுத்தவர்கள் மாலை வேளை அமைதியாகக் கழியும் வீட்டை மனத்தில் வைத்து வகுத்தார்கள் போலும். 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் முதலிடம் தந்த டோலுடெக்ராவிரைப் பகலிலும் சாப்பிடலாம். குடிப்பவருக்கு இது சிறிய மாற்றமல்ல.

மதுவும் வைரஸும் உடம்புக்குள்ளும் கைகோக்கின்றன. மது குடலின் தடுப்புச் சுவரைப் பலவீனமாக்கி, நோயெதிர்ப்பு அமைப்பைத் தொடர்ந்து கிளறிக்கொண்டே இருக்கும். ஹெப்படைட்டிஸ் பி அல்லது சி கூட இருந்தால் கல்லீரல் இன்னும் வேகமாகக் கெடும். காசநோய்த் தடுப்புக்காகத் தரப்படும் ஐசோனியாசிட் மாத்திரையோடு குடி சேர்வதும் கல்லீரலுக்கு ஆபத்து. அமெரிக்காவின் முன்னாள் இராணுவத்தினரிடையே நடந்து 2016இல் வெளியான ஆய்வில், தொற்று இல்லாத ஆண்களுக்கு மாதம் 70 கோப்பை மதுவிலிருந்து கூடிய மரண ஆபத்து, தொற்று உள்ள ஆண்களுக்கு 30 கோப்பையிலேயே தெரிந்தது. பல ஆய்வுகளைத் திரட்டி 2009இல் வெளியான மதிப்பீடு, குடிப்பவர்கள் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடும் வாய்ப்பு குடிக்காதவர்களுடையதில் ஏறத்தாழப் பாதிதான் என்றது.

இவற்றையெல்லாம்விட வியப்பான தடை ஒன்று உண்டு. பலர் மாத்திரையை மறந்து விடுவதில்லை, தெரிந்தே விடுகிறார்கள். குடித்த அன்று மாத்திரை சாப்பிட்டால் இரண்டும் சேர்ந்து விஷமாகும் என்று நம்புகிறார்கள். பல நாடுகளில் ஆய்வாளர்கள் இதைக் கண்டிருக்கிறார்கள். மருந்துக்கடைக்காரரும் உறவினரும் சில வேளைகளில் மருத்துவப் பணியாளரும்கூட “மருந்து சாப்பிடும்போது குடிக்காதே” என்கிறார்கள். கேட்டவர் அதைத் திருப்பிப் போட்டு, “குடிக்கும்போது மருந்து சாப்பிடாதே” என்று எடுத்துக்கொள்கிறார். இன்று வழங்கும் எச்.ஐ.வி. மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு மதுவோடு அப்படிப்பட்ட கொடிய மோதல் இல்லை. அபாகாவிரின் அளவை மது ஓரளவு உயர்த்தும், எஃபாவிரென்ஸின் மயக்கத்தைக் கூட்டும். குடித்த அன்றும் மாத்திரையைச் சாப்பிடுவதே சரி. வேளையை விடுவதால் வரும் கேடு அதைவிடப் பெரிது.

தமிழர் வீட்டில் இந்த நம்பிக்கைக்கு இன்னொரு வேரும் உண்டு. குடித்துவிட்டுக் கோயிலுக்குள் போகக் கூடாது, திருநீறு இட்டுக்கொள்ளக் கூடாது, சாமி மேடையைத் தொடக் கூடாது. இது மரியாதையின் ஒழுங்கு, குடிப்பவர்களே இதை மிகக் கவனமாகக் கடைப்பிடிப்பார்கள். டாக்டர் கொடுத்த மருந்தையும் அதே மரியாதையோடு பார்ப்பவர், போதையில் இருக்கும்போது அதைத் தொடாமல் இருப்பதே நல்லது என்று எண்ணிவிடுகிறார். அலட்சியம் என்று கிளினிக் எழுதிவைக்கும் விடுபாடு சில வேளைகளில் பக்தியின் விளைவு. இத்தனைக்கும் தோட்டத்துக் கோயில்களில் முனியாண்டிக்கும் மதுரைவீரனுக்கும் சுருட்டோடு சாராயமும் படைத்து வந்த வழக்கம் இருக்கிறது. காவல் தெய்வத்துக்கு மது ஆகும், மாரியம்மனுக்கு ஆகாது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த மரபுக்கு, மாத்திரையைச் சுத்தத்தின் கணக்கிலிருந்து எடுத்து உணவின் கணக்கில் வைப்பது முடியாத காரியமல்ல.

இனி வினை. எச்.ஐ.வி. வந்தது செய்த வினையின் பலன், குடியும் வினை, ஆகவே அனுபவிக்கட்டும் என்ற வாதம் சைவர்களின் வாயிலிருந்தே வரும். சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. குவிந்து கிடப்பது சஞ்சிதம், இப்போது நுகர்வது பிராரத்தம், இப்போது செய்து இனி சேர்ப்பது ஆகாமியம். நோய் பிராரத்தம் என்றே ஒப்புக்கொண்டாலும், அதற்கு மருந்து சாப்பிடுவதும் சாப்பிடாமல் விடுவதும் இன்றைய செயல்கள். கூடவே, அந்த நோயாளிக்கு மருந்தை மறுப்பவரும் ஒரு செயலைச் செய்கிறார், அது அவர் கணக்கில் சேரும். வினைக் கொள்கை ஒருவர் தம் வாழ்வைப் பார்த்துச் சொல்லிக்கொள்வதற்கு உரியது. பக்கத்து வீட்டுக்காரர் நோயைப் பார்த்து அதைச் சொல்வதற்குச் சித்தாந்த நூல்களில் இடம் தேடினால் கிடைப்பது கடினம்.

மேலை நாட்டில் அரிஸ்டாட்டில் இதே சிக்கலை நிக்கொமாக்கிய அறநூலில் எடுத்துப் பேசுகிறார். டாக்டர் சொல்லைக் கேட்காமல் கட்டுப்பாடின்றி வாழ்ந்து நோயாளியானவன் தொடக்கத்தில் நோய் வராமல் தடுத்திருக்கலாம். எறிந்த கல்லைத் திரும்பப் பிடிக்க முடியாதது போல இப்போது அவனால் அது ஆகாது என்கிறார். போதையில் குற்றம் செய்தவனுக்கு இரட்டைத் தண்டனை விதித்த சட்டங்களையும் குறிப்பிடுகிறார். பொறுப்பு யாருடையது என்பதற்கு இது கூர்மையான பதில். ஆனால் பொறுப்பு யாருடையது என்பது தெரிந்ததும், யாருக்கு மருந்து தருவது என்பதும் தெரிந்துவிடும் என்று எண்ணுவது தவறு. சாலை விபத்தில் அதிவேகமாக வந்தவனுக்கும் கட்டுப் போடப்படுகிறது. கல்லீரல் மாற்று அறுவைக்குப் பல மருத்துவமனைகள் குடியை விட்டு ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தன. அங்கே தானமாகக் கிடைக்கும் கல்லீரல் ஒன்று, காத்திருப்பவர் பலர். அந்த நிபந்தனையே இன்று கேள்விக்குள்ளாகியிருக்கிறது. எச்.ஐ.வி. மாத்திரையில் அந்தப் பற்றாக்குறை இல்லை. ஒருவருக்குக் கொடுத்ததால் இன்னொருவருக்கு இல்லாமல் போவதில்லை, கொடுத்தால் இன்னொருவருக்குத் தொற்றாமலும் இருக்கும். தகுதி பார்த்துத் தருவதற்கான காரணமே இங்கு விழுந்துவிடுகிறது.

தமிழ் மரபின் தீர்ப்பு என்று பலரும் காட்டுவது திருக்குறளின் 93ஆம் அதிகாரமான கள்ளுண்ணாமையை. மலேசியத் தமிழ்ப் பள்ளி மேடைகளில் மது ஒழிப்புப் பேச்சு அதில்லாமல் நடப்பது அரிது. அந்த அதிகாரம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. புலால் மறுத்தலை வள்ளுவர் அறத்துப்பாலின் துறவறத்தில் வைத்தார். கள்ளுண்ணாமை பொருட்பாலில், வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் இடையில் வருகிறது. சூது முடிந்ததும் அடுத்த அதிகாரம், 95ஆவது, மருந்து. கள்ளைக் கடுமையாகக் கண்டித்தவர், இரண்டே அதிகாரம் தள்ளி நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் ஆராய்ந்து செயல்படச் சொல்கிறார்; மருத்துவத்துக்கு நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பணிவிடை செய்பவர் என்று நான்கு பகுதிகளை வகுக்கிறார். அந்த நால்வகையில் நோயாளியின் ஒழுக்கம் பற்றிய முன்நிபந்தனை எதுவும் காணோம். கண்டிக்கும் அதிகாரத்தைக் கொண்டு மருந்து அதிகாரத்தைப் பூட்டுவது வள்ளுவர் செய்யாத வேலை. அதற்கும் முந்திய சங்க காலத்தில் கள் விருந்தின் பொருளாகவே இருந்தது; அதியமான் மறைந்தபோது அவன் தன்னோடு பகிர்ந்துகொண்ட கள்ளை நினைத்து ஒளவையார் பாடிய கையறுநிலை புறநானூற்றில் இருக்கிறது. மரபு ஒரே குரலில் பேசவில்லை.

சத்தியமும் விரதமும் வெற்றுச் சடங்குகள் அல்ல. தைப்பூசத்துக்கு ஒரு மண்டலம் விரதம் இருப்பவர், ஐயப்பனுக்கு மாலை போட்டவர், மற்ற நாட்களில் எவ்வளவு குடித்தாலும் அந்த நாட்களில் தொடுவதில்லை. இதைச் சாதிப்பது தனிமனித உறுதி மட்டுமல்ல. கழுத்து மாலையைப் பார்த்ததும் நண்பர்கள் கூப்பிடுவதை நிறுத்துகிறார்கள். மனைவி தனிச் சமையல் செய்கிறாள். மாலை நேரம் பஜனையில் கழிகிறது. குடிநோய்ச் சிகிச்சையில் மனநல மருத்துவர் உண்டாக்கப் பாடுபடும் சூழலை ஊர் தானாக அமைத்துத் தருகிறது. 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பும் தன்னைவிடப் பெரிய சக்தியிடம் ஒப்படைப்பதையும் கூடிப் பேசுவதையுமே அடிப்படையாக வைத்தது. “நினைத்தால் நாளைக்கே விட்டுவிடுவேன்” என்ற பேச்சில் இருக்கும் ஆணவத்தை உடைக்கும் இடமாகச் சன்னிதி இருக்க முடியும்.

விரதத்தின் ஆபத்துகள் இரண்டு. ஒன்று உடம்பைச் சேர்ந்தது. பல ஆண்டுகள் தினமும் அதிகம் குடித்த உடம்பு, திடீரென நிறுத்தினால் தாங்காது. கடைசியாகக் குடித்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாட்களில் கடும் நடுக்கம், காய்ச்சல், இல்லாததைக் காண்பது, பிதற்றல் வரலாம். கவனிக்காவிட்டால் உயிர் போகும். சத்தியம் செய்த மூன்றாம் நாள் இப்படி நேர்ந்தால் சாமி குற்றம் என்றோ காற்றுச் சேட்டை என்றோ எண்ணிப் பூசாரியிடம் அழைத்துப் போக இடமுண்டு. போக வேண்டிய இடம் மருத்துவமனையின் அவசரப் பிரிவு. அதிகம் குடிப்பவர் விரதம் தொடங்கும் முன் டாக்டரைப் பார்ப்பதும், தயாமின் சத்தும் நடுக்கத்தை அடக்கும் மருந்தும் பெற்றுக்கொண்டு நிறுத்துவதும் விரதத்துக்கு இழுக்கல்ல.

மற்ற ஆபத்து மனத்தைச் சேர்ந்தது, பரவலாகப் பேசப்படாதது. சத்தியம் ஊரறியச் செய்யப்படுவது, எச்.ஐ.வி. மாத்திரை ஊரறியாமல் சாப்பிடப்படுவது. சத்தியத்துக்குச் சாட்சிகள் உண்டு, மாத்திரைக்கு யாரும் இல்லை. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுக்கொண்டவர், திருவிழா முடிந்து ஒரு நாள் குடித்துவிட்டால், தாம் எல்லாவற்றிலும் தோற்றுவிட்டதாக எண்ணிக்கொள்கிறார். கோயிலுக்குப் போக முகமில்லை. அதே வெட்கத்தில் கிளினிக்குக்கும் போவதில்லை. மாத்திரை புட்டி அலமாரிக்குப் பின்னால் போய்விடும். குடிநோயில் மீண்டும் குடிப்பது வழக்கமாக நேர்வது. அதைச் சிகிச்சையின் முடிவாக எடுத்துக்கொள்ளாமல் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே டாக்டர்கள் பார்க்கிறார்கள். வைரஸ் மருந்தை அந்தச் சறுக்கலோடு சேர்த்துக் கட்டாமல் இருந்தால், குடித்த வாரத்திலும் மருந்து ஓடிக்கொண்டிருக்கும்.

சத்தியம் முறிந்தவனைப் பற்றிச் சைவ மரபுக்கே ஒரு கதை உண்டு. திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் என்று சூளுரைத்த சுந்தரர், அதை மீறி எல்லை தாண்டியதும் இரு கண்ணும் இழந்தார். பெரிய புராணம் இதை மறைக்கவில்லை, சத்தியத்தை மீறியதன் விலை அது. அதற்குப் பிறகு நடப்பதைத்தான் கதை சொல்பவர்கள் விரைந்து கடந்துவிடுகிறார்கள். திருவெண்பாக்கத்தில் அவருக்குப் பார்வை கிடைக்கவில்லை, ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண் கிடைத்தது. திருவாரூருக்குப் போன பிறகே மற்றது. தண்டனைக்குள் இருக்கும்போதே நடப்பதற்குக் கோல் கொடுத்த இறைவன், முழுமையாகத் திருந்திய பிறகு வா என்று சொல்லவில்லை. அருளைப் படிப்படியாகத் தந்த அந்த வரிசை, சத்தியம் தவறியவனை ஒரேயடியாகத் தள்ளிவைக்கும் ஊர் வழக்கத்தோடு ஒத்துப்போகவில்லை.

இந்தக் கேள்விக்கு மிக நெருங்கி வருவது மணிமேகலையின் 16ஆம் காதை. பரத்தையிடமும் சூதிலும் பொருளைத் தொலைத்த சாதுவன், மனைவி ஆதிரையைப் பிரிந்து வணிகரோடு கப்பலேறுகிறான். கப்பல் உடைந்து, நாகர் மலையில் கரை ஒதுங்குகிறான். அங்குள்ளவர்கள் மனிதரைத் தின்பவர்கள். அவர்கள் மொழி தெரிந்ததால் பிழைக்கிறான். தலைவன் விருந்தாகக் கள்ளும் ஊனும் பெண்ணும் கொடுக்கச் சொல்ல, சாதுவன் மறுக்கிறான். கொலையும் கள்ளும் ஏன் ஆகாதவை என்று விளக்குகிறான். மயக்கும் பொருளை விலக்குவது பௌத்தரின் ஐந்து சீலங்களில் ஒன்று, ஆகவே இதில் புதுமை ஏதுமில்லை. தலைவனின் பதிலில்தான் புதுமை. கள்ளையும் ஊனையும் விட்டால் எங்களால் உயிர் வாழ இயலாது, எங்களுக்கு ஆகக்கூடிய அறத்தைச் சொல் என்று அவன் கேட்கிறான். சாதுவன் முகம் சுளிக்கவில்லை. உனக்கு இயலும் அறத்தைச் சொல்கிறேன் என்று தொடங்கி, கப்பல் உடைந்து உயிர் தப்பி வருபவரைக் கொல்லாமல் காப்பாற்று, மூத்து இறந்த விலங்கைத் தவிர வேறு எதையும் கொன்று தின்னாதே என்கிறான். தலைவன் ஏற்றுக்கொள்கிறான்.

இதில் கள் பேச்சிலிருந்தே விலகிவிடுகிறது. கள் தவறல்ல என்று சாதுவன் மனம் மாறிவிடவில்லை. இன்னொருவர் உயிரைப் பறிக்கும் செயல் முதலில் நிற்க வேண்டும் என்று அவன் வரிசைப்படுத்துகிறான். அவனே சூதில் அழிந்து மீண்டவன் என்பதால் அந்த வரிசை அவனுக்குத் தெரிந்திருக்கக் கூடும். மெர்லிமாவின் எச்.ஐ.வி. நோயாளிக்கு இதைப் பொருத்தினால் முதல் இடத்தில் நிற்பது தினசரி மாத்திரை, ஏனென்றால் அவருடைய உயிரும் துணைவரின் நலமும் அதில் இருக்கின்றன. அடுத்து வருவது குடியைக் குறைப்பது, சம்சுவிலிருந்து விலகுவது, வெறும் வயிற்றில் குடிக்காமல் இருப்பது. முழுதாக விடுவது மேலான இலக்கு. அதை எட்டும்வரை மற்றவை காத்திருக்க வேண்டியதில்லை. சாதுவனின் அறம் தளர்ந்த அறம் என்று சொல்பவர்கள், அவன் முழு அறத்தையே வற்புறுத்தியிருந்தால் அடுத்து அந்த மலையில் ஒதுங்கிய கப்பல்காரனுக்கு என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுப் பார்க்கலாம்.

இந்த அணுகுமுறைக்கு மலேசியாவிலேயே சமயச் சான்று உண்டு, அது இந்துக்களிடமிருந்து வரவில்லை என்பது மட்டுமே வேறுபாடு. போதையை ஹராம் என்று தடுக்கும் இஸ்லாத்தின் பள்ளிவாசல் ஒன்றில், கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய அர்-ரஹ்மானில், 2010 முதல் ஹெராயின் பழக்கமுள்ளவர்களுக்கு மெத்தடோன் வழங்கும் திட்டம் நடந்தது. தொழுகையும் வழிகாட்டலும் மருந்தும் ஒரே வளாகத்தில். தடையைத் தளர்த்தாமலேயே நோயாளியை உள்ளே அழைக்க முடிந்தது. குடிக்கு மெத்தடோன் போன்ற மாற்றுப்பொருள் இல்லை; நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் வேட்கையைக் குறைக்கும். தோட்டப்புறக் கோயில்கள் மருந்து வழங்க வேண்டியதில்லை. மாலை போடும் நாளில், “டாக்டர் கொடுத்த மாத்திரை விரதத்தை முறிக்காது” என்று ஒரு பூசாரி எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னாலே போதும். எந்த மாத்திரை, யாருக்கு என்று அவர் கேட்க வேண்டியதில்லை, ரகசியமும் வெளியே வராது.

வள்ளுவர் சொன்ன நான்காம் பகுதி, அருகிலிருந்து கவனிப்பவர், பெரும்பாலும் மனைவி. தொற்று அவளுக்கும் வந்திருக்கலாம். மாத்திரையை நினைவூட்டுவதும், மதுப் புட்டியை ஒளித்து வைப்பதும், கிளினிக்குக்குத் துணை போவதும், அடி வாங்குவதும் சில வீடுகளில் ஒரே ஆளின் வேலை. கணவனின் சத்தியத்துக்கு மனைவியைக் காவலாக வைக்கும் வழக்கம் நீதியானதல்ல. அவளுடைய பாதுகாப்புக்கும் அவனுடைய சிகிச்சைக்கும் மோதல் வந்தால் பாதுகாப்பே முந்தும். ஆதிரையின் பொறுமையைப் புகழும் மரபு இதைத் தெளிவாகச் சொல்லத் தயங்குகிறது. அவளுடைய சொந்த மாத்திரை அவன் குடியைச் சார்ந்திராமல் ஓட வேண்டும். அதற்கு அவளுக்கென்று தனித் தேதியும் தனிப் பேச்சும் கிளினிக்கில் இருக்க வேண்டும். சிறிய ஊரில் தெரிந்தவர் கண்ணில் படுவோமோ என்ற அச்சமும் இருப்பதால், சிலர் வேறு ஊர்க் கிளினிக்கைத் தேடிப் போவதைக் குறையாகச் சொல்ல முடியாது.

கிளினிக்கின் பங்கு கேட்பதில் தொடங்குகிறது. குடிப்பழக்கத்தை அளவிட உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த ஆடிட் வினாத்தாளில் 10 கேள்விகள். 8 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் வந்தால் குடி உடல்நலத்துக்குக் கேடான நிலையில் இருப்பதாகக் கொள்வார்கள். முதல் மூன்று கேள்விகளை மட்டும் கேட்டும் ஓரளவு அறியலாம். “குடிக்கிறீங்களா?” என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும், மாதத்தில் எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டால் உண்மை வர வாய்ப்புண்டு. திட்டு விழாது என்று தெரிந்த நோயாளியே கடந்த வாரம் எத்தனை மாத்திரை விட்டுப்போனது என்பதைச் சொல்வார், அந்த எண்ணிக்கை இல்லாமல் டாக்டரால் மருந்தை மாற்றவும் முடியாது.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போடும் கபோடெக்ராவிர், ரில்பிவிரின் ஊசி வந்திருக்கிறது. தினசரி மாத்திரை சாப்பிட முடியாதவர்களுக்கு, போதைப் பழக்கம் உள்ளவர்கள் உட்பட, சான் பிரான்சிஸ்கோவின் வார்டு 86 கிளினிக்கில் இதைக் கொடுத்து வைரஸை அடக்கியிருக்கிறார்கள். மனவுறுதியைத் தினமும் கேட்காத சிகிச்சை இது. உறுதி இருப்பவருக்கே நலம் என்ற எண்ணத்துக்கு இது புதிய சோதனை: முயற்சி குறைந்ததால் கிடைத்த நலம் குறைந்ததாகிவிடுமா? பெரியம்மைத் தடுப்பூசியை யாரும் அப்படி எடை போட்டதில்லை. ஆனால் ஊசி அடக்குவது வைரஸைத்தான், கல்லீரல் கேட்டையும் குடும்பச் சண்டையையும் அல்ல. குடியைப் பற்றிய கேள்விகளை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, ஊசி போட வரும் நாளில், கிளினிக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.